இவரு பெரிய தேசிங்கு ராஜா – கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்களைவிட நான் ஏழெட்டு வயது மூத்தவனாக இருப்பேன் என்று நினைக்கிறேன். அதனால் தம்பி என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்ணாரப்பேட்டை, மூலக்கொத்தளம் பக்கத்துப் பழைய கதை எதையாவது நீங்கள் எழுதினால் என் மகன் போனில் எடுத்துக் காட்டுவான். எழுத்தைப் பெரிதாக்கிக் கையில் கொடுத்துவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

நான் கொருக்குப்பேட்டை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் தேசிங்கு. இந்தப் பெயர்தான் விஷயமே.

பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போனால் வாத்தியார், "வாங்க ராஜா, குதிரையை எங்கே கட்டிட்டு வந்தீங்க?" என்பார். வகுப்பே சிரிக்கும். வேலைக்குப் போன இடத்தில் வடக்கே இருந்து மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர், ஆங்கிலத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டு நேராக இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டார். என் தலையில் தலைப்பாகையைத் தேடியிருப்பார் போல. மகன் கம்பெனி வேலையாக ஆறு மாதம் ஜெர்மனியில் இருந்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் என் பெயர் இருப்பதால் அங்கே எல்லோரும் அவனை 'மிஸ்டர் தேசிங்கு' என்றே கூப்பிட்டார்களாம். கேட்டபோது கூச்சமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

இப்போது மருமகளுக்கு ஏழாம் மாதம். பையன் பிறந்தால் தாத்தா பெயரை வைக்கலாமே என்று என் மனைவி பேச்சை எடுத்தாள். மருமகள் நல்ல பெண். சிரித்துக்கொண்டே, "அது ரொம்பப் பழைய பேரு அத்தை" என்றாள். அவர்கள் 'தேஜஸ்' என்று முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. என்னைச் சமாதானப்படுத்தத்தான் மகன் எதிலோ தேடி, 'தேசிங்கு என்றால் தேசத்தின் சிங்கம்' என்று போட்டிருக்கிறது, நல்ல பேருதான் அப்பா என்றான்.

அது சரியா? நாங்கள் ஒருவேளை வடக்கத்தி ஆட்களா? அப்பா திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பின்னி மில்லுக்கு வேலைக்கு வந்தவர். என் அண்ணன் பெயர் ஏழுமலை, தம்பி பெயர் முனுசாமி. எனக்கு மட்டும் ஏன் இது என்று ஒருமுறை அப்பாவிடம் கேட்டேன். "நல்ல பேருடா, வச்சுக்க" என்றதோடு சரி. அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மில் பாஸும், பழைய ரேஷன் கார்டும், அட்டை போன பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றும் இருந்தன. புத்தகம் கரையான் அரித்துக் கிடந்ததால் தூக்கிப் போட்டுவிட்டோம். இப்போது யாருமே இந்தப் பெயரை வைப்பதில்லையே, ஏன்? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
தேசிங்கு
கொருக்குப்பேட்டை

*

அன்புள்ள தேசிங்கு அண்ணனுக்கு,

தம்பி என்றே கூப்பிடுங்கள். வயசுக் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு மீன்பாடி வண்டி. நான் ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது எங்கள் தெருவில் ஒரு தேசிங்கு இருந்தார். காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றி வருவார். கறுத்து ஒல்லியான மனிதர், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி. வண்டியின் முன்பலகையில் மஞ்சள் பெயின்டில் 'பாறாசாரி' என்று எழுதியிருக்கும். ஐஸ் உருகி அந்த எழுத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். அது என்ன என்று கேட்டேன். "என் குதுர பேரு" என்றார். தேசிங்கு ராஜன் கதையில் வருகிற குதிரை பாராசாரி என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் பெரிய மனுஷத்தனமாக அவரிடம் போய், "இது தப்பு, சின்ன ர போடணும்" என்றேன். அவர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு மறுபடியும் ஏறி உட்கார்ந்து, "எழுத்து எப்படி இருந்தா இன்னா, குதுர ஓடுதா இல்லியா?" என்று கேட்டுவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் நேரில் பழகிய முதல் தேசிங்கு அவர்தான். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் இன்னும் இரண்டே பேர். நீங்கள் நாலாவது.

முதலில் அந்த 'தேசத்தின் சிங்கம்' கதையை ஒதுக்கி வைத்துவிடுவோம். பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறவர்கள் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் எந்தச் சொல் கிடைக்கிறதோ அதை ஒட்டிவிடுகிறார்கள். உங்கள் பெயரில் தேசம் கிடையாது. அது தேஜ் சிங், செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவின் அசல் பெயர். 'தேஜ்' என்பது தேஜஸ். ஒளி, முகத்தில் தெரிகிற வீறு என்றெல்லாம் பொருள். சிங் என்பது சிம்மம், சிங்கம். வீறு ஒளிர்கிற சிங்கம் என்று சொல்லலாம்.

இப்போது கடிதத்தில் உங்கள் மருமகள் பேசிய இடத்தை மறுபடி படியுங்கள். தேசிங்கு பழைய பெயராம், தேஜஸ் புதிய பெயராம்! அண்ணே, உங்கள் பெயரில் பாதியைத்தான் அந்தப் பெண் பேரனுக்கு எடுத்து வைத்திருக்கிறாள். அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியவில்லை. சிங்கத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

தேஜ் சிங் எப்படித் தேசிங்கு ஆனார் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி அது. 'ஜ்' என்று ஒரு சொல்லின் நடுவில் நிறுத்துவது தமிழ் வாய்க்குப் பழக்கமில்லை. அதைச் சகரமாக்கினோம். பக்கத்திலேயே 'சிங்'கின் சகரமும் நிற்பதால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. அடுத்தது கடைசி எழுத்து. தமிழில் ஒரு சொல் எந்த மெய்யில் முடியலாம் என்பதற்குத் தொல்காப்பியம் கணக்குச் சொல்கிறது, 11 மெய்கள். அதில் 'ங்' இல்லை. அதனால் 'சிங்' என்று அந்தரத்தில் விடாமல் ஒரு உகரத்தைக் கொடுத்து 'சிங்கு' என்று தரையில் இறக்கிவிட்டோம். இதெல்லாம் எந்தப் புலவரும் உட்கார்ந்து செய்ததில்லை. பேங்க்கைப் பேங்கு என்றும், மில்லை மில்லு என்றும், பீச்சைப் பீச்சு என்றும் உங்கள் அப்பா சொல்லியிருப்பாரே, அதே வேலைதான்.

வடசென்னைக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். திருவொற்றியூர் போகிற வழியில் காலடிப்பேட்டை இருக்கிறதல்லவா? யாருடைய காலடியும் அங்கே இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் கோலட் என்ற வெள்ளைக்காரரின் பெயரில் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் அது. கோலட்பேட்டையை நம் ஆட்கள் காலடிப்பேட்டை ஆக்கிவிட்டார்கள். கோலட் துரை பதவிக்கு வருவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் செஞ்சியில் தேஜ் சிங் செத்துப்போனார். ஒரே காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் பெயரும் ஒரு ராஜபுத்திரர் பெயரும் தமிழுக்குள் வந்து, இரண்டும் சொந்தக்காரர்களுக்கே அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தேஜஸ் என்ற சொல் தேஜ் சிங்கோடு சேர்ந்து குதிரையில் வந்து இறங்கியதில்லை. அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே 'தேசு' என்ற உருவத்தில் தமிழுக்குள் இருந்தது. சிவபுராணத்தில் 'தேசன் அடிபோற்றி' என்று வருகிறதே, ஒளி வடிவானவன் என்று பொருள். மார்கழி விடியலில் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை போடுவார்கள். ஏழாம் பாட்டின் கடைசி வரியில் 'தேசமுடையாய் திறவேலோர் எம்பாவாய்' என்று தோழியை எழுப்புவாள் ஆண்டாள். தேசமுடையாய் என்றால் தேசு உடையவளே, முகத்தில் ஒளி உள்ளவளே என்று அர்த்தம். நாடு சம்பந்தப்பட்டதில்லை. அப்புறம் 23ஆம் பாட்டில் குகையிலிருந்து விழித்து எழுகிற 'சீரிய சிங்கம்'. ஆக உங்கள் பெயரின் இரண்டு பாதியும் ஒரே முப்பது பாட்டுக்குள் இருக்கின்றன. சேர்த்து வைக்கத்தான் செஞ்சியிலிருந்து ஒரு ஆள் தேவைப்பட்டார்.

அந்த ஆளைப் பற்றி. கதையில் வருகிற தேசிங்கு வேறு, சரித்திரத்தில் இருக்கிற தேஜ் சிங் கொஞ்சம் வேறு.

செஞ்சிக் கோட்டையை மராத்தியரிடமிருந்து பிடிக்க ஔரங்கசீப்பின் படை ஏழெட்டு வருஷம் முற்றுகை போட்டு, 1698இல் பிடித்தது. அந்தக் கோட்டைக்குக் கொஞ்ச காலத்தில் சொரூப் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரர் அதிகாரியாக வந்தார். புந்தேல்கண்ட் என்பது இன்றைய மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சேரும் பகுதி. சொரூப் சிங் 1714இல் இறந்தார். மகன் தேஜ் சிங் புந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், பாக்கி வைத்திருக்கிற கப்பத்தைக் கட்டு என்றார், டில்லியிடமிருந்து உனக்கு முறையான உத்தரவு எங்கே என்றும் கேட்டார். தேஜ் சிங் இரண்டுக்கும் மசியவில்லை. 1714 அக்டோபரில் செஞ்சிக்குப் பக்கத்தில் சண்டை. நவாப் படை பெரியது, இவர் படை சின்னது. இவர் செத்தார், வயது 22 என்பார்கள். ஒரு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை.

சரித்திரப் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி போதும். மொகலாய ஆட்சியில் ஒரு கோட்டை அதிகாரிக்கும் ஒரு நவாபுக்கும் வரிப்பாக்கித் தகராறு, அவ்வளவுதான். ஆனால் கூத்துக்காரர்களும் கதைப்பாட்டுக்காரர்களும் அதை அந்த ஒரு பத்தியோடு விடவில்லை. கதையில் அப்பா பெயர் சொரூப் சிங் இல்லை, தேரணி சிங். டில்லி பாதுஷாவிடம் அடங்காத குதிரை ஒன்று. அதை அடக்க முடியாமல் தேரணி சிங் சிறையில் கிடக்கிறார். பால் மணம் மாறாத தேசிங்கு டில்லிக்குப் போய்க் குதிரையை அடக்கி அப்பாவை மீட்டு வருகிறான். அதுதான் பாராசாரி. நண்பன் ஒரு முஸ்லிம், மகமத் கான். கதையில் மோவுத்துக்காரன் என்றும் பெயர். சண்டை என்று சேதி வரும்போது அவன் வழுதாவூரில் கல்யாண மேடையில் இருக்கிறான். தாலி கட்டாமல் எழுந்து, மாலையோடு நீலவேணி என்ற தன் குதிரை மேல் ஏறி வந்து, தேசிங்கோடு சேர்ந்து சாகிறான். சிங்கவரத்து ரங்கநாதர், போகாதே என்று சொல்லிப் பார்த்து, கேட்காமல் கிளம்பியவனைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பார்கள். சிங்கவரத்துக்குப் போனால் படுத்திருக்கிற பெருமாளின் முகத்தைக் காட்டி இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபே ஓர் ஊரை ஏற்படுத்தினார், அதுதான் ராணிப்பேட்டை என்பது அந்தப் பக்கத்தில் வழங்குகிற வரலாறு. அந்த ஊர் இப்போது ஒரு மாவட்டத்தின் தலைநகரமே ஆகிவிட்டது. ராணி ஊராகிவிட்டாள். ராஜா உங்களைப் போன்ற ஆட்களின் பெயரில்தான் இருக்கிறார்.

நீங்கள் வடக்கத்தி ஆட்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அப்படி இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். புந்தேலாக்களோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் உண்டு. வேலூர், செஞ்சிப் பக்கத்திலும் சென்னையிலும் இருக்கிறார்கள். புந்தேலா என்பதுதான் திரிந்து பொந்தில் ஆகி அவர்கள் சாதிப் பெயர் ஆயிற்று. பெயருக்குப் பின்னால் சிங் என்று ஒழுங்காகப் போட்டுக்கொள்வார்கள். அண்ணன் ஏழுமலை, தம்பி முனுசாமி என்றால் நீங்கள் அசல் தொண்டைமண்டலத்துக் குடும்பம்தான். அந்த அதிகாரி இந்தியில் பேசியது அவர் தப்பில்லை, பாவம். வடக்கே தேஜ் சிங் சர்வ சாதாரணப் பெயர். ராஜபுத்திரர்களிலும் இருக்கிறார்கள், சீக்கியர்களிலும் இருக்கிறார்கள். 1845இல் வெள்ளைக்காரர்களோடு சண்டை போட்ட சீக்கியப் படையின் தளபதி பெயரும் தேஜ் சிங்தான். ஆனால் அங்கே யாரும் தேசிங்கு இல்லை. தேசிங்கு என்ற உருவம் நம் பக்கத்தில் பிறந்தது. இது தூய தமிழ்ப் பெயரா என்று யாராவது கேட்டால், பிள்ளை பெற்றது அங்கே, பேர் வைத்தது இங்கே என்று சொல்லுங்கள்.

இனி உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதிவிட்டீர்கள். பாக்கி எல்லாவற்றையும்விட அவைதான் முக்கியம்.

ஒன்று, அண்ணன் தம்பி பெயர்கள். ஏழுமலை என்றால் திருப்பதிக்கு ஒரு வேண்டுதல் இருந்திருக்கும். முனுசாமி என்றால் முனீஸ்வரனுக்குப் பொங்கல் வைத்திருப்பார்கள். நம் பக்கத்துப் பழைய பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லப்பன், கன்னியப்பன், பொன்னுரங்கம், காத்தவராயன். எதைத் தொட்டாலும் பின்னால் ஒரு சாமி நிற்கும், ஒரு கோயில் இருக்கும், அந்தக் கோயிலுக்கு வருஷத்துக்கு ஒரு திருவிழா இருக்கும். பிள்ளை பிறந்தால் பெயர் தானாக வந்து விழும். யோசிக்க வேண்டியதில்லை. அப்பன் பெயரை மகன் தன் மகனுக்கு வைப்பான், பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓடும்.

தேசிங்குக்கு இதில் எதுவுமே கிடையாது. நம் பேட்டைகளில் அவருக்குக் கோயில் இல்லை, பூசாரி இல்லை, வேண்டுதல் இல்லை. தேசிங்கு என்று பெயர் வைத்தால் எந்தச் சாமியும் சந்தோஷப்படப் போவதில்லை. ஜெயித்த ராஜாவும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு மனிதன் தன் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கிறான் என்றால் ஒரே காரணம்தான் இருக்க முடியும்: அந்தக் கதை அவனுக்குப் பிடித்திருந்தது. ஒரு ராத்திரி கூத்தில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்திருப்பான். மோவுத்துக்காரன் மாலையோடு குதிரை ஏறும் இடத்தில் அழுதிருப்பான். இந்தப் பெயர் எப்போதுமே அபூர்வமாக இருந்ததற்கும் இதையேதான் காரணம் என்று நினைக்கிறேன். சாமி பெயருக்கு வீட்டிலேயே கட்டாயம் இருக்கும். கதைப் பெயரை யாராவது ஒருவர் ஆசைப்பட்டு எடுத்தால்தான் உண்டு.

இரண்டாவது, அந்த டிரங்குப் பெட்டிப் புத்தகம். அதை எறிந்துவிட்டீர்களே அண்ணே! சரி, கரையான் விட்டிருக்காது. அது என்ன புத்தகம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும், அல்லி அரசாணி மாலையாக இருக்கலாம், நல்லதங்காள் கதையாக இருக்கலாம். ஆனால் நான் தேசிங்குராஜன் கதை என்றுதான் பந்தயம் கட்டுவேன். பெரிய எழுத்துப் புத்தகங்கள் எங்கே அச்சானவை தெரியுமா? அவற்றைப் போட்டுக் குவித்ததில் பேர்போன பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் கொண்டித்தோப்பில் இருந்தது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு நடை தூரம். மட்டக் காகிதம், கொட்டை எழுத்து, நடுநடுவே கோட்டுப் படம். ராத்திரி விளக்கடியில் படிக்கத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கேட்பதற்காகவே அந்த எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்தது. செஞ்சியில் பிறந்த கதை கொண்டித்தோப்பில் அச்சாகி மறுபடி திண்டிவனம், செஞ்சி, ஆற்காடு சந்தைகளுக்குப் போயிற்று. அங்கிருந்து மில்லுக்கும் ஹார்பருக்கும் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கும் வேலைக்கு வந்தவர்கள் அந்தக் கதையை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு மறுபடி இங்கே வந்தார்கள். பின்னி மில்லை 1996இல் மூடினார்கள். பெட்டி மட்டும் உங்கள் வீட்டில் இருந்திருக்கிறது.

"நல்ல பேருடா, வச்சுக்க" என்று அவர் சொன்னது மழுப்பல் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உண்மையிலேயே அவருக்கு அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

1960இல் எம்.ஜி.ஆர். நடித்து ராஜா தேசிங்கு படம் வந்தது. அந்தப் படத்தால்தான் பெயர் வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. படம் பெயரைக் கொஞ்சம் பளபளப்பாக்கியிருக்கலாம். ஆனால் எங்கள் தெரு மீன்பாடி வண்டிக்காரர் படம் வந்தபோதே மீசை வைத்த ஆள். படத்துக்கு முன்னாலேயே தேசிங்குகள் இருந்தார்கள்.

பெயர் அருகிப்போனதற்கு யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. முதலில் கூத்து போயிற்று, அதாவது நகரத்திலிருந்து போயிற்று. பெரிய எழுத்துப் புத்தகம் நடைபாதைக் கடையிலிருந்து மறைந்தது. அதே காலத்தில் வடசென்னை வீடுகளில் இளங்கோவும் செழியனும் அன்பழகனும் பிறந்தார்கள். பேட்டைக்குப் பேட்டை இருந்த படிப்பகங்களில் வளர்ந்த தலைமுறை, தன் பிள்ளைக்கு அரசியலோடு பெயர் வைத்தது. அதற்கு அடுத்த தலைமுறை எண்கணிதம் பார்த்து, ஷ்-உம் ஸ்-உம் ஜ்-உம் தேடிப் போயிற்று. நடுவில் கதை தெரியாமல் போய், பழமொழி மட்டும் மிஞ்சியது. புது ஷூ போட்டுக்கொண்டு யாராவது நிமிர்ந்து நடந்தால், "இவரு பெரிய தேசிங்கு ராஜா" என்கிறோமே, அதுதான். ஒரு பெயர் கிண்டலாகிவிட்டால் பிறகு பிள்ளைக்கு வைக்கத் தயங்குவார்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து ஹார்பர் பக்கத்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டுவிட்டுப் போனது. மறுநாளிலிருந்து கெட்டிக்காரனெல்லாம் எம்டன் ஆகிவிட்டான். ஆனால் யாரும் பிள்ளைக்கு எம்டன் என்று பெயர் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தேசிங்கு அந்த இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கிறார். பெயராகவும் இருந்தார், வசவாகவும் ஆனார்.

ஆனால் கூத்தைப் பாருங்கள், ஒரு சுற்று சுற்றி அந்த முதல் பாதி திரும்பி வந்துவிட்டது. தேஜஸ், தேஜஸ்வின், தேஜா என்று எல்.கே.ஜி. வருகைப் பதிவேடெல்லாம் ஒரே ஒளிமயம். நம் போர் விமானத்துக்கு 2003இல் தேஜஸ் என்று பெயர் வைத்தார்கள். எழும்பூரிலிருந்து மதுரைக்கு 2019இல் விட்ட ரயிலுக்கும் அதே பெயர். உங்கள் அப்பாவின் திண்டிவனம் வழியாகத்தான் ஓடுகிறது, அங்கே நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

அதனால் மருமகளிடம் ஒன்றும் வாதாட வேண்டாம். வளைகாப்புக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சாவகாசமான சாயங்காலம் பார்த்து, இந்தத் தேஜஸ் எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று ஆரம்பித்துச் செஞ்சிக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். தாலி கட்டாமல் எழுந்து வந்த நண்பனையும் விட்டுவிடாதீர்கள். மாற்றி வைக்கச் சொல்லிக் கேட்கவே கேட்காதீர்கள். முழுப் பெயரையும் வைக்கலாமே என்று அவளாகச் சொன்னால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

சொல்லாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஜெர்மனியில் உங்கள் மகனை மிஸ்டர் தேசிங்கு என்று கூப்பிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதிலேயே வழி இருக்கிறது. அப்பாவின் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பதைப் பிள்ளைக்கும் அப்படியே போடுகிற பழக்கம் இப்போது வந்துவிட்டது. போட்டால் உங்கள் பேரன் தேஜஸ் தேசிங்கு. ஒளி இரண்டு தரம், சிங்கம் ஒரு தரம். அர்த்தம் பார்த்தால் கேட் கதவு மாதிரிதான். ஆனால் கூப்பிட்டுப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். பேரன் வளர்ந்து சைக்கிளோ பைக்கோ வாங்கி, அதில் பாராசாரி என்று எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டால், சின்ன ர போடச் சொல்லுங்கள். நான் ஒருமுறை சொல்லிப் பார்த்துத் தோற்றுப்போன விஷயம் அது.

அன்புடன்,
தம்பி